எல்.எச்.சி.யில் கருந்துளை உருவானால் பூமியை விழுங்குமா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி எல்.எச்.சி. பத்தி, அதாவது ஐரோப்பாவோட செர்ன் ஆய்வகத்துல புரோட்டான்களை வேகமா மோதவிடற ராட்சதக் கருவி. கொஞ்சம் நீளம், முழுசா வாசிச்சுடறேன். "செர்ன்ல இருக்கிற எல்.எச்.சி. கருவியில கருந்துளை உருவாகலாம்னு விஞ்ஞானிகளே எழுதியிருக்காங்க. கேட்டா, காஸ்மிக் கதிர்கள் இதைவிட பலமா பூமியில மோதுது, ஒண்ணும் ஆகலையேங்கறாங்க. ஆனா காஸ்மிக் கதிர் மோதி உருவாகிறது அதே வேகத்துல பூமியைத் துளைச்சுக்கிட்டு வெளியே போயிடும். எல்.எச்.சி.யில உருவாகிறது இங்கேயே தங்கிடுமே? அப்போ அந்த ஒப்பீடே தப்புதானே?"

கேள்வியோட ரெண்டாவது பாதி ரொம்பச் சரி. காஸ்மிக் கதிர்னு, அதாவது விண்வெளியிலேர்ந்து வர்ற அதிவேகத் துகள்னு, ஒரு வரியில பதிலை முடிக்கிறவங்க இந்த இடத்தைத்தான் சத்தமில்லாம தாண்டிடறாங்க. அதுக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி முதல் பாதி.

விஞ்ஞானிகள் எழுதினது உண்மைதான். ஆனா ஒரு நிபந்தனையோட. நமக்குத் தெரிஞ்ச ஈர்ப்பு விசையை மட்டும் வெச்சுக் கணக்குப் போட்டா, ஒரு கருந்துளைக்குக் குறைஞ்சபட்சம் பிளாங்க் நிறை வேணும், சுமார் 22 மைக்ரோகிராம். கேட்கச் சின்னதா இருக்கும். அதையே ஆற்றலா மாத்தினா 10¹⁶ டெரா எலெக்ட்ரான் வோல்ட். எலெக்ட்ரான் வோல்ட்ங்கறது துகள்களோட ஆற்றலை அளக்கிற அலகு, டெரான்னா லட்சம் கோடி. எல்.எச்.சி. 2022-லேர்ந்து மோதவிடற ஆற்றல் 13.6 டெரா எலெக்ட்ரான் வோல்ட். அதாவது ஒரு 10¹⁵ மடங்கு பத்தாது. அந்த 13.6-ங்கறதும் பறக்கிற கொசு பதினஞ்சு கிட்ட இருந்தா வர்ற ஆற்றல்தான். அதை ஒரு புரோட்டானைவிடச் சின்ன இடத்துல குவிக்கிறதுதான் விஷயம்.

1998-ல வந்த ஒரு கருத்து, இடத்துக்கு மூணுக்கு மேல பரிமாணங்கள் சுருண்டு இருக்கலாம், அப்படி இருந்தா ரொம்பக் கிட்ட போகும்போது ஈர்ப்பு விசை நாம நினைக்கிறதைவிட பலமா இருக்கும்னு சொல்லுச்சு. அது உண்மையா இருந்தா மட்டும், சில டெரா எலெக்ட்ரான் வோல்ட்லயே நுண் கருந்துளை உருவாகலாம். 2001-ல வந்த கட்டுரைகள் சொன்னது இதைத்தான். அந்தக் கட்டுரைகளே, உருவான உடனே அது ஹாக்கிங் கதிர்வீச்சால, அதாவது கருந்துளை தன்னோட ஆற்றலைத் துகள்களா வெளியே விட்டுக் கரையறதால, சுமார் 10⁻²⁶ நொடியில ஆவியாயிடும்னும் சொல்லுச்சு. முதல் வரியை எடுத்துக்கிட்டு அடுத்த வரியை விட்டுட்டாதான் பயம் வருது.

"ஹாக்கிங் கதிர்வீச்சை யாரும் நேரில பாத்ததில்லையே"ன்னு அடுத்து கேப்பீங்க. நியாயம். ஆனா ஹாக்கிங்கை விட்டுட்டாலும் குவாண்டம் இயற்பியல்ல ஒரு அடிப்படை இருக்கு: புரோட்டானுக்குள்ள இருக்கிற குவார்க்கும் குளுவானும் மோதி ஒண்ணு உருவாகுதுன்னா, அதே வழியில திரும்ப அது குவார்க்கும் குளுவானுமா சிதையவும் முடியும். உருவாகத் தெரிஞ்சது, சிதையத் தெரியாம இருக்க முடியாது.

சரி, அதையும் நம்பலைன்னு வெச்சுக்குவோம். கருந்துளை உருவாகுது, சிதையவே இல்ல. இப்போதான் உங்க கேள்வி.

எல்.எச்.சி.யில ரெண்டு புரோட்டானும் எதிரெதிரா வந்து மோதுது. காஸ்மிக் கதிர் மோதறது சும்மா நின்னுட்டிருக்கிற அணுக்கரு மேல. அதனால எல்.எச்.சி. மோதலுக்குச் சமமா வரணும்னா காஸ்மிக் கதிருக்கு சுமார் 10¹⁷ எலெக்ட்ரான் வோல்ட் வேணும். அப்படிப்பட்ட கதிர்கள் நிறையவே வருது. 1991-ல அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல பதிவான ஒண்ணு 3 × 10²⁰ எலெக்ட்ரான் வோல்ட். செர்ன் அமைச்ச பாதுகாப்புக் குழு 2008-ல வெளியிட்ட அறிக்கையில கணக்கு இருக்கு: பூமி உருவானதிலேர்ந்து இந்த வகைக் கதிர்கள் 3 × 10²²-க்கு மேல விழுந்திருக்கு. எல்.எச்.சி.யோட மொத்த ஆயுள்கால மோதல்களை இயற்கை இங்கேயே ஒரு லட்சம் தடவை நடத்தி முடிச்சிடுச்சு.

ஆனா நீங்க சொன்ன மாதிரி, காஸ்மிக் கதிர்ல உருவாகிறது கிட்டத்தட்ட ஒளிவேகத்துல போகும். அதுக்கு மின்னூட்டம் இருந்தா பூமிக்குள்ளயே வேகம் குறைஞ்சு நின்னுடும், அப்போ ஒப்பீடு சரி. மின்னூட்டம் இல்லாத கருந்துளைன்னா பூமி அதுக்கு ஒரு தடையே இல்ல, மறுபக்கம் போயிடும். எல்.எச்.சி.யில உருவாகிறதுல ஒரு சின்னப் பங்கு, நொடிக்கு 11.2 கிலோமீட்டர்ங்கற விடுபடு வேகத்துக்குக் கீழ இருக்கலாம். அது இங்கதான் சுத்தும். ஆக, பூமியை மட்டும் சாட்சியா வெச்சா வாதம் முழுசாகாது.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2008-ல கிடிங்ஸ், மங்கானோன்னு ரெண்டு இயற்பியலாளர்கள் வெண்குறு விண்மீன்களை எடுத்துக்கிட்டாங்க, அதாவது எரிபொருள் தீர்ந்த விண்மீன்கள் சுருங்கி மிஞ்சற உருண்டைகளை. சூரியனோட நிறை, பூமி அளவு உருண்டைக்குள்ள. ஒரு கன சென்டிமீட்டரே டன் கணக்குல எடை. அவ்வளவு அடர்த்திக்குள்ள புகுந்தா மின்னூட்டம் இல்லாத கருந்துளையும் வெளியே வராது. அது ஆபத்தான வேகத்துல வளரக்கூடியதா இருந்தா, அந்த விண்மீன் சீக்கிரமே காலி. ஆனா 100 கோடி வருஷத்துக்கு மேல வயசான வெண்குறு விண்மீன்களை நாம பாத்துக்கிட்டே இருக்கோம். நியூட்ரான் விண்மீன் இன்னும் அடர்த்தி, அதை ஏன் முதல்ல எடுக்கலைன்னா, அதோட காந்தப்புலம் காஸ்மிக் கதிரோட ஆற்றலை மேற்பரப்புக்கு வர்றதுக்கு முன்னாடியே உறிஞ்சிடும். அதனாலதான் காந்தப்புலம் குறைவான வெண்குறு விண்மீன்களாப் பாத்துத் தேர்ந்தெடுத்தாங்க. உங்க கேள்விக்கு நேரான பதில் இதுதான். பூமி இல்ல, செத்த விண்மீன்கள்.

தேடியும் பாத்தாச்சு. நுண் கருந்துளை சிதைஞ்சா எல்லாத் திசையிலயும் நிறைய துகள் ஜெட்டுகளும், எலெக்ட்ரான், மியூவான், ஃபோட்டானும் ஒரே நேரத்துல தெறிக்கும். எல்.எச்.சி.யோட உணர்கருவிகள்ல ஒண்ணான சி.எம்.எஸ்.-ஸோட குழு 2010-லயே இதைத் தேடி, அந்தக் கூடுதல் பரிமாணக் கணக்குகள் சொல்ற கருந்துளை 3.5-லேர்ந்து 4.5 டெரா எலெக்ட்ரான் வோல்ட் வரைக்கும் இல்லைன்னு சொல்லிடுச்சு. அப்புறம் ஆற்றல் கூடக்கூட வரம்பும் மேல போயிட்டே இருக்கு.

இன்னொண்ணு, எல்.எச்.சி.யை நிறுத்தச் சொல்லி 2008-ல ஹவாயில போட்ட வழக்கு தள்ளுபடி ஆனதை ஆதாரமாக் காட்டாதீங்க. தங்களுக்கு அதிகார வரம்பு இல்லைன்னுதான் நீதிமன்றம் தள்ளுச்சு, இயற்பியலுக்குத் தீர்ப்பு சொல்லல.

அங்க வேலை செய்யறவங்க நிஜமாப் பயப்படறது வேற. 2008 செப்டம்பர் 19, கருவி தொடங்கி ஒன்பது நாள். ரெண்டு காந்தங்களுக்கு நடுவுல இருந்த ஒரு மின் இணைப்புல மின்தடை கூடிடுச்சு. மின்பொறி வந்து காந்தங்களைக் குளிர்விக்கிற ஹீலியம் உறையைத் துளைச்சது, சுமார் 6 டன் ஹீலியம் வெளியேறுச்சு, 53 காந்தங்களைக் கழட்ட வேண்டியதாச்சு. அப்போ உள்ள புரோட்டான் கற்றையே இல்ல, மின்சாரம் ஏத்திப் பாக்கிற சோதனைதான். மறுபடி கற்றை சுத்தினது 2009 நவம்பர்ல. முழு அளவுக் கற்றை ஒண்ணுல 360 மெகாஜூல் இருக்கும், சுமார் 500 கிலோ செம்பை உருக்கற அளவு. அது பாதை மாறினா குழாய் போயிடும், காந்தம் போயிடும். கற்றை ஒரு சுத்து சுத்த சுமார் 90 மைக்ரோ நொடி ஆகும். அதனால மூணே மூணு சுத்துக்குள்ள, மொத்தக் கற்றையையும் வெளியே இழுத்து கிராஃபைட் உருளைக்குள்ள கொட்டிடற ஏற்பாடு வெச்சிருக்காங்க.