கோல் கோட்டை விட்டு முன்னே வந்த கீப்பர்

செட்டிநாட்டு நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடியானாலும் தேவகோட்டையானாலும், கால்பந்துப் போட்டியில் கைதட்டல் வாங்குகிற கீப்பர் பறந்து பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டவர்தான். ஆனால் கீப்பர் பயிற்சியில் ஊறினவர்கள் அந்தப் பாய்ச்சலைப் பார்த்ததும், "இந்தப் பந்துக்கு ஏன் பாய வேண்டி வந்தது?" என்றுதான் கேட்பார்கள். நின்ற இடம் சரியாக இருந்தால் பாதிப் பந்துகள் நெஞ்சுக்கு நேரே வந்துவிடும். இத்தனை ஆண்டுகளில் கீப்பரின் ஆட்டத்தில் நடந்த பெரிய மாற்றம், அவர் கோல் கோட்டை விட்டு முன்னே வந்ததுதான். மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தவை.

1912 வரை கீப்பர் தன் பக்கத்துப் பாதி மைதானம் முழுவதும் பந்தைக் கையால் தொடலாம். அந்த ஆண்டு விதி மாறி, கோலுக்கு முன்னே கோடு போட்ட பெனால்டி பாக்ஸுக்குள் மட்டும் என்று ஆனது. 1950-களில் ஹங்கேரியின் குரோசிக்ஸும் சோவியத்தின் லெவ் யாஷினும் பாக்ஸைத் தாண்டி வந்து பந்தை அடித்து விரட்டிக் காட்டினார்கள். 1963-இல் ஐரோப்பாவின் 'பாலோன் தோர்' என்னும் தங்கப் பந்து விருது பெற்ற யாஷினுக்குப் பிறகு இன்றுவரை வேறெந்தக் கீப்பருக்கும் அது கிடைக்கவில்லை. நம் நாட்டில் அதே காலத்தவர் பீட்டர் தங்கராஜ். 1956, 1960 ஒலிம்பிக் அணிகளிலும், 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தவர்.

முன்னே வருவதால் என்ன லாபம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். கோலின் அகலம் 7.32 மீட்டர். பந்து நேர் நடுவில், 11 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. கோட்டிலேயே நின்றால் 7.32 மீட்டரையும் காக்க வேண்டும். மூன்று மீட்டர் முன்னே வந்தால் காக்க வேண்டிய அகலம் 5.3 மீட்டர். ஐந்து மீட்டர் வந்தால் வெறும் நாலு. அதற்கு மேல் ஏறினால் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிடுவார்கள், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க ஒரு கிணற்றுக் கயிறு போதும். முப்பது மீட்டர் கயிற்றின் இரு நுனிகளையும் இரண்டு கோல் கம்பங்களின் அடியில் கட்டி, நடுவைப் பந்து இருக்கும் இடத்துக்கு இழுத்துப் பிடியுங்கள். கீப்பர் உள்ளே நிற்கட்டும். இரண்டு பக்கக் கயிறும் அவருக்குச் சம தூரத்தில் இருந்தால் இடம் சரி. பந்தை ஓரத்துக்கு நகர்த்துங்கள்; பழக்கமில்லாதவர் நேர்கோட்டில் பக்கவாட்டில் நகர்வார். உடனே கிட்டக் கம்பத்துப் பக்கம் கயிறு விலகி நிற்பது கண்ணுக்குத் தெரியும். வளைந்து நகர வேண்டும் என்பதை அதற்குப் பிறகு வாயால் சொல்லத் தேவையிருக்காது.

அடுத்தது, அடிக்கும் நொடியில் கால் எங்கே இருக்கிறது என்பது. கோல் அடிக்க வரும் ஃபார்வர்டின் கால் பந்தில் படும்போது கீப்பரின் இரண்டு பாதங்களும் தரையில் இருக்க வேண்டும். எடை முன்பாதத்தில், கை இடுப்பு உயரத்தில் முன்னால். ஒரு சின்னக் குதி போட்டு அந்த நொடியில் இறங்குவார்கள். குதி அரை நொடி தாமதமானால் பந்து கிளம்பும்போது கால் காற்றில் இருக்கும். காற்றில் இருப்பவரால் எந்தப் பக்கமும் தள்ளிப் பாய முடியாது. "அசையாமல் நின்றுவிட்டான்" என்று கூட்டம் திட்டுவது பல நேரம் இதைத்தான்.

1992-க்கு வருவோம். 1990 உலகக் கோப்பையில் பந்தைக் கீப்பரிடம் தள்ளி, அவர் கையில் எடுத்து நேரத்தைக் கடத்திய ஆட்டம் எல்லோருக்கும் சலித்துப்போனது. சக வீரர் வேண்டுமென்றே காலால் தள்ளிய பந்தைக் கையால் எடுக்கக் கூடாது என்று 1992-இல் விதி வந்தது. மீறினால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக், அதாவது இன்னொருவர் தொட்ட பிறகே கோலாகக் கூடிய உதை. என் கணிப்பில், கீப்பர் தொழிலை இவ்வளவு மாற்றிய விதி வேறில்லை. கையை மட்டும் நம்பியவர்கள் காலைப் பழக்க வேண்டியதாயிற்று. 2014 உலகக் கோப்பையில் அல்ஜீரியாவுக்கு எதிராக ஜெர்மனியின் நாயர், பாக்ஸுக்கு வெளியே கூடுதல் டிஃபெண்டர் (தற்காப்பு ஆட்டக்காரர்) போலவே ஆடினார்.

இதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு நம் செம்மண் தரையில் அப்படியே செய்யக் கூடாது. சரளைக்கல்லில் பட்டுப் பந்து எப்படியும் எழும்பும். 2006-இல் குரோஷியாவின் ஜாக்ரெப் நகரில், இங்கிலாந்தின் கேரி நெவில் தள்ளிய பந்து தரையில் தட்டி எழும்ப, கீப்பர் ராபின்சன் ஓங்கி உதைத்த கால் காற்றில் போனது. பந்து கோலுக்குள் போனது. புல்தரையிலேயே இந்தக் கதி. ஆகவே டிஃபெண்டர்களுக்கு ஒரே கட்டளை: பந்தைத் திருப்பித் தரும்போது கம்பத்துக்கு வெளியே தா, கோலுக்கு நேரே தராதே. தவறினாலும் கார்னரோடு (மூலை உதையோடு) போகும்.

இதே தரைதான் தாழ்ந்து உருண்டு வரும் பந்துக்குப் பழைய முறையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஒரு முழங்காலை மடக்கிப் பந்தின் பாதைக்குக் குறுக்கே கிடத்தி, கைக்குப் பின்னால் இரண்டாவது அணை கட்டும் முறை அது. எழுந்திருக்க நேரமாகிறது என்று இன்றைய பயிற்சியாளர்கள் பலர் விட்டுவிட்டார்கள். முன்னால் சரிந்து நெஞ்சோடு அள்ளுகிறார்கள். நல்ல புல்லில் அது சரி. புழுதி மைதானத்தில் கை தப்பினால் முழங்கால்தான் காப்பு. முழங்காலுக்கும் மற்றக் குதிகாலுக்கும் நடுவே பந்து நுழையும் இடைவெளி மட்டும் இருக்கக் கூடாது.

பாய்வதையும் படிப்படியாகத்தான் பழக்க வேண்டும். முதலில் உட்கார்ந்து, பிறகு முழங்காலில், பிறகு குந்தி, கடைசியில் நின்று. ஆற்று மணலோ வைக்கோலோ பரப்பிச் செய்யுங்கள். கெண்டைக்கால், தொடை, விலா, தோள் என்று பக்கவாட்டில் வரிசையாகத் தரை தொட வேண்டும். முழங்கையை முதலில் ஊன்றினால் பந்து நழுவும், தோளும் பழுதாகும். பாயும் அடி குறுக்கே முன்னோக்கி இருக்கட்டும். பின்னோக்கிப் பாய்ந்தால் பந்தைக் கோலுக்குள் கொண்டுபோய்த்தான் பிடிக்க நேரும்.

பந்தோடு வரும் எதிராளியும் கீப்பரும் ஒருவருக்கு ஒருவர் என்று வரும்போது, காலடியில் விழுவதற்குப் பதிலாக உடம்பை விரித்து அடைப்பது இப்போது வழக்கம். டென்மார்க்கின் ஷ்மைக்கேல் இதைப் பிரபலமாக்கினார். ஒன்று, ஒன்றரை மீட்டருக்குள் நெருங்கினால்தான் இது பலிக்கும். நாலு மீட்டரில் விரித்தால் கை கால் இடுக்கெல்லாம் வழிதான்.

2025-இல் வந்த விதியையும் உள்ளூர் நடுவர்கள் கவனிக்க வேண்டும். கீப்பர் பந்தைக் கையில் எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து நொடியை நடுவர் கையை உயர்த்தி விரல்விட்டு எண்ணிக் காட்ட வேண்டும்.

கடைசியாகக் கையுறை. உள்ளங்கையில் இருப்பது லேடெக்ஸ் நுரை. செம்மண் தூசி அடைத்தால் பிடி போய்விடும். ஆட்டத்துக்கு முன் லேசாக நனைத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். பிழிய வேண்டாம். நம் ஊர் வெயிலில் காயப்போட்டால் நுரை வெடித்து உதிரும், நிழலில் உலர்த்துங்கள். விரல் நுனிக்கும் உறைக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கும் அளவு பார்த்து வாங்குங்கள். இறுக்கமாக வாங்கினால் தையல் விட்டுப்போகும்.

வணக்கம்.