ஓடிப்போய்த் தூக்குவதற்கு முன்

தொண்டுக்குப் பெயர் கொடுத்திருக்கும் தம்பி தங்கைகளே, பெரியவர்களே, வணக்கம்.

கடல் தாண்டி வரும் அகதிகளுக்கு உதவ நல்ல மனசு இருந்தால் போதும் என்று நினைத்து வந்திருப்பவர்களிடம் இன்று கொஞ்சம் கறாராகப் பேசப்போகிறேன்.

கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவை எடுத்துக்கொள்வோம். 2015இல் மட்டும் சுமார் 5 லட்சம் பேர் அங்கே வந்து இறங்கினார்கள். சிரியா, ஆப்கானிஸ்தான், ஈராக் மக்கள்தான் அதிகம். துருக்கியிலிருந்து தீவின் வடகரைக்குச் சுமார் 10 கிலோமீட்டர். எதிர்க்கரை கண்ணுக்கே தெரியும். ஆனால் படகு ரப்பர், கூட்டமோ அதன் கொள்ளளவைப் போல் பல மடங்கு. போட்டிருக்கும் லைஃப் ஜாக்கெட்டையும் நம்ப முடியாது. 2016 ஜனவரியில் துருக்கியின் இஸ்மீர் நகரில் ஒரு பட்டறையைப் போலீஸ் சோதனை போட்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலி ஜாக்கெட்டுகள் சிக்கின. அவற்றுக்குள் இருந்தது தண்ணீரை உறிஞ்சும் பொருள்.

சரி, படகு கரையை நெருங்குகிறது. நாம் என்ன செய்வோம்? கையை ஆட்டிக் கூப்பிடுவோம். அங்கேதான் தப்பு. உற்சாகத்தில் எல்லோரும் எழுந்து ஒரே பக்கம் சாய்வார்கள், கரைக்குப் பக்கத்திலேயே படகு கவிழும். உள்ளங்கையைத் தாழ்த்தி "உட்காருங்கள்" என்று சைகை காட்டுங்கள். பாறை இல்லாத இடத்தில் நின்று வழிகாட்டுங்கள்.

அடுத்தது பலருக்குத் தெரியாத விஷயம். லிபியாவிலிருந்து இத்தாலி நோக்கி வரும் நீண்ட பாதையில், கேனிலிருந்து சிந்தும் பெட்ரோல் படகின் அடியில் தேங்கும் கடல்நீரோடு கலந்துவிடும். பத்திரம் என்று பெண்களையும் குழந்தைகளையும் நடுவில் உட்கார வைத்திருப்பார்கள். மணிக்கணக்கில் அந்தக் கலவையிலேயே ஊறி வருவதால் தொடையும் இடுப்பும் வெந்துபோயிருக்கும். நெருப்பில்லாத தீக்காயம் அது. கூச்சத்தில் வெளியே சொல்லவும் மாட்டார்கள். நாமோ நடுங்குகிறார்களே என்று அந்தத் துணிக்கு மேலேயே கம்பளியைச் சுற்றிவிடுவோம். காயம் இன்னும் ஆழமாகப் போகும். பெட்ரோல் வாடை அடித்தால் முதலில் துணியைக் களைய வேண்டும், நல்ல தண்ணீரால் நிறையக் கழுவ வேண்டும், அப்புறம்தான் போர்வை. அதற்கு மறைவாக ஒரு திரையும், கூடவே ஒரு பெண் தொண்டரும் வேண்டும். கம்பளி வாங்க நன்கொடை சுலபமாகக் கிடைக்கிறது, திரைத்துணிக்கு யாரும் தருவதில்லை.

குளிரில் விறைத்தவரின் கை கால்களைப் பரபரவென்று தேய்க்காதீர்கள். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் சூடாகக் குடிக்கக் கொடுங்கள். குழந்தையைத் தாயின் கண் மறைவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். செல்போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். முறையான பத்திரம் இல்லாமல் நுழைந்தார் என்பதற்காக, ஆபத்திலிருந்து நேராக வந்து தாமதமின்றி அதிகாரிகளிடம் தெரிவித்த அகதியைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 1951 அகதிகள் உடன்படிக்கையின் 31வது பிரிவு. உதவுபவருக்கு அந்தக் காப்பு கிடையாது. 2015 ஆகஸ்டில் இஞ்சின் நின்றுபோன படகை, தங்கை யுஸ்ராவோடு கடலில் குதித்து லெஸ்போஸ் வரை கொண்டுசேர்த்தவர் சிரிய அகதியான சாரா மர்தினி. யுஸ்ரா மறு ஆண்டே ரியோ ஒலிம்பிக்கில் நீந்தினார். சாரா அதே தீவுக்குத் தொண்டராகத் திரும்பினார். 2018இல் கைதாகி மூன்று மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். உளவுக் குற்றச்சாட்டைக்கூட அவர்மேல் போட்டார்கள். 2023இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. எந்த அமைப்பின் கீழ், யார் அனுமதியோடு வேலை செய்கிறீர்கள் என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. எல்லோரும் கரை வேலைக்கே கை தூக்குகிறீர்கள். லெஸ்போஸில் ஈர உடைகளும் கம்பளிகளும் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அவற்றைச் சேகரித்துத் துவைத்து அடுத்த படகுக்குத் தயார் செய்த தொண்டர்கள் இருந்தார்கள். சலவைக்கும் சாமான் பிரிக்கவும் இங்கே தனித் தாள் வைத்திருக்கிறோம். இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.