ஒரே மலை, இரண்டு மழை, இரண்டு தவளை

நேயர்களுக்கு வணக்கம். மழை விட்ட ராத்திரியில் கொல்லைப்புறத்தில் தவளை கத்துவதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். நான் பேச வந்தது எளிதில் கண்ணில் படாத தவளைகளைப் பற்றி. ஊதாத் தவளை என்பார்கள். கேரளத்தில் மாவேலித் தவளை என்றும் பெயர். மாவேலி மன்னரைப் போல ஆண்டுக்கு ஒருமுறைதான் பாதாளத்திலிருந்து மேலே வரும். மற்ற நாளெல்லாம் மண்ணுக்குள் கறையானைத் தின்று வாழும். ஊதிய பலூன் மாதிரி உடம்பு, பன்றிக்கு இருப்பதுபோல் குட்டியாக ஒரு மூக்கு.

2003-ல் தவளை ஆய்வாளர்கள் எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி பொசைட்டும் இடுக்கியில் கிடைத்த இந்தத் தவளையைப் பற்றி எழுதினார்கள். இதற்கு நெருங்கிய சொந்தம் கடல் தாண்டி செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறது. அந்தத் தீவுகளும் நம் நிலமும் ஒட்டியிருந்த காலத்து உறவு!

தென்மேற்குப் பருவமழைக்குச் சற்று முன்னால், கோடைமழை விழும்போது இது முட்டையிட மேலே வரும். இதை நம்பி, பல வருடம் முன்பு ஒரு மே மாதம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்துக்குப் போனேன். ஓடையில் பாறைதான் கிடந்தது. நான்கு ராத்திரி உட்கார்ந்தும் ஒன்றும் இல்லை. துணைக்கு வந்த பெரியவர் கடைசியில் கேட்டார்: "தம்பி, இங்க மழை ஐப்பசியிலதானே? தண்ணி இல்லாத ஓடைக்குத் தவளை எதுக்கு வரும்?"

சரி என்று ஐப்பசியில் மறுபடி போனேன். ஓடை நுரைத்து ஓடியது. "டார்ச்ச அணைங்க தம்பி" என்றார். அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் கரகரவென்று ஒரு குரல், என் காலுக்குப் பக்கத்தில், மண்ணுக்குள்ளிருந்து! ஆண் தவளை தலைகாட்டாமல் உள்ளே இருந்தபடியே பெண்ணைக் கூப்பிடும். அன்றைக்கு நான் தவளையைப் பார்க்கவே இல்லை. குரலை மட்டும் கேட்டுக்கொண்டு விடியும்வரை ஈர மண்ணில் உட்கார்ந்திருந்தேன். இன்றும் அடைமழை பிடித்தால் அந்தக் குரல்தான் நினைவுக்கு வருகிறது.

அப்புறம் 2017-ல் ஆய்வாளர்கள் இந்தக் கிழக்குச் சரிவுத் தவளை தனி இனம் என்று அறிவித்தார்கள். கோவை சாலிம் அலி பறவையியல் மையத்தில் பணியாற்றி, 2014-ல் மலையில் களப்பணியின்போது நேர்ந்த விபத்தில் இறந்த ஆய்வாளர் பூபதியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். குரலிலும் மரபணுவிலும் வேறுபாடு உண்டு. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது மழைதான். திரும்பவும் சொல்கிறேன்: மேற்கே இருப்பது வைகாசியை ஒட்டி மேலே வரும், கிழக்கே இருப்பது ஐப்பசி, கார்த்திகைக்குக் காத்திருக்கும். நடுவில் இருப்பது ஒரே மலைத்தொடர்!

தலைப்பிரட்டையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரமாகிவிட்டது என்கிறார்கள். ஒன்று மட்டும். பாய்கிற நீரில் வாயாலேயே பாறையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, பாசியைச் சுரண்டித் தின்று, சுமார் மூன்று மாதம் அது வளர வேண்டும். மலை ஓடையில் தடுப்பணை கட்டித் தண்ணீரை நிற்கவைத்தால் அந்தக் குஞ்சுக்குப் பிடிக்க இடமில்லை. தடுப்பணை எங்கே கட்டலாம் என்று பேசும்போது இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.