மூளைக் கட்டியா? முதலில் பல்லைக் காட்டுங்கள்!

வணக்கம்! மூளையில் புற்றுநோய்க் கட்டி. இரும்புத் துகளைக் கட்டிக்குள் செலுத்தி, காந்தப்புலத்தால் சூடேற்றி அழிக்கும் சிகிச்சைக்குப் போனால், பல்லில் உலோக அடைப்பு இருந்தால் முதலில் எடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். விளையாட்டில்லை, ஜெர்மனியில் இந்தச் சிகிச்சைக்கு நிஜமாகவே இதுதான் விதியாக இருந்தது.

இந்தச் சிகிச்சையின் வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1957-இல் சிகாகோவில் கில்கிறிஸ்ட் குழு தொடங்கிவைத்தது, பெர்லினில் ஆண்ட்ரியாஸ் ஜோர்டான் வளர்த்தெடுத்தார், மேக்ஃபோர்ஸ் நிறுவனத்தின் நானோதெர்ம் முறைக்கு 2010-இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. போதும்.

[திரையில்: கட்டிக்குள் இறங்கும் ஊசி]

சுமார் 12 நானோமீட்டர் அளவுள்ள இரும்பு ஆக்சைடுத் துகள்களைத் திரவமாக்கிக் கட்டிக்குள்ளேயே செலுத்துகிறார்கள். அப்புறம் நொடிக்கு 1 லட்சம் தடவை முன்னும் பின்னுமாகத் திசை புரளும் காந்தப்புலம். அது புரளும்போதெல்லாம் துகளின் காந்தமும் புரண்டாக வேண்டும். அந்த இழுபறியில்தான் சூடு பிறக்கிறது.

நம் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பைப் பாருங்கள். அடுப்பு தானாகச் சுடாது, மேலே வைத்த பாத்திரம்தான் சுடும். ஆனால் எது சாம்பார்ப் பாத்திரம், எது மோதிரம் என்று அடுப்புக்குத் தெரியுமா? இந்தக் கருவிக்கும் தெரியாது. அதனால்தான் கட்டியைச் சுற்றி 40 சென்டிமீட்டருக்குள் உலோகமே கூடாது. பல் அடைப்பு, கேப், இம்ப்ளான்ட் எல்லாம் வெளியே! எனக்கு இதுதான் இந்த ஆராய்ச்சியிலேயே பிடித்த இடம். பல் கட்டியவர்கள் வீட்டில் இருந்தால் வீடியோவை அனுப்பி வையுங்கள், திட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு.

சரி, "ஒரே துகள், படமும் காட்டும், வைத்தியமும் பார்க்கும்" என்கிறார்களே? பாதி உண்மை. இரும்புத் துகள் எம்.ஆர்.ஐ. படத்தைக் கருப்பாக்கும். 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெரிடெக்ஸ் என்ற இரும்புத் துகள் மருந்து இதை வைத்தே கல்லீரல் கட்டியைக் காட்டியது: நல்ல திசு துகளை விழுங்கிக் கருத்துப்போகும், கட்டி வெள்ளையாகத் தனித்து நிற்கும். ஆனால் நானோதெர்மில் சூடேற்றப் போடும் இரும்பு மிக அதிகம். அந்த இடமே எம்.ஆர்.ஐ.யில் கருந்திட்டாகிவிடும், கட்டி திரும்ப வளர்கிறதா என்று பார்க்க வழியில்லை. சி.டி. ஸ்கேன்தான் கதி. கண்ணைக் கட்டிவிட்டுக் காவலுக்கு நிறுத்தியதுபோல!

மேக்ஃபோர்ஸ் 2022-இல் திவாலானது.

நான் நம்புவது வேறொன்றை. ஹாம்பர்க்கில் பிலிப்ஸ் ஆய்வகத்தின் க்ளைஷும் வைஸ்னெக்கரும் 2005-இல் வெளியிட்ட காந்தத் துகள் படமுறை. அது திசுவைப் பார்க்காது, துகளை மட்டுமே பார்க்கும். 2018-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு இதே முறையில் எலியில் முதலில் படம் எடுத்து, பிறகு பக்கத்திலிருக்கும் கல்லீரல் சுடாமல் கட்டியை மட்டும் சூடேற்றிக் காட்டியது. எலி சின்னது. மனித உடம்பு அளவுக்கு அந்தக் காந்தத்தைப் பெரிதாக்குவதில்தான் இப்போது மல்லுக்கட்டு.