உபுண்டுவில் ஒரு பேக்கேஜ் நீங்க மறுத்தால் என்ன செய்வது?

[திரை: டெர்மினல். ஆப்ட் ரிமூவ் கட்டளை பிழையோடு நிற்கிறது.]

வணக்கம். உபுண்டுவிலோ டெபியனிலோ ஒரு பேக்கேஜை நீக்கப் பார்க்கிறீர்கள், அது போக மறுக்கிறது. அதோடு விட்டதா? சம்பந்தமே இல்லாத வேறொன்றை நிறுவினாலும் அதே பிழை வந்து நிற்கிறது. சிஸ்டத்தையே அழித்துவிட்டுப் புதிதாக நிறுவலாமா என்று யோசிக்க வேண்டாம். இதைச் சரிசெய்ய முடியும்.

முதலில் கடைசி வரி. டிபிகேஜி பிழை எண் 1 தந்தது என்று இருக்கிறது. பலரும் இந்த வரியை எடுத்துத்தான் தேடுகிறார்கள். ஆனால் இதில் காரணம் இல்லை. நாம் கட்டளை கொடுப்பது ஆப்ட் என்ற பேக்கேஜ் கருவிக்கு; உள்ளே உண்மையான வேலையைச் செய்யும் டிபிகேஜி தோற்றுவிட்டது என்று ஆப்ட் தெரிவிக்கிறது, அவ்வளவுதான். மேலே போங்கள்.

[திரை: நான்கைந்து வரிகள் மேலே போய், ஒரு வரியை வட்டமிடுகிறோம்.]

இதோ. நீக்கத்துக்கு முன் ஓடும் ஸ்கிரிப்ட் பிழை எண் 5 தந்து நின்றது. அதற்கும் மேல் வரியில், நிறுத்தச் சொன்ன சர்வீஸே, அதாவது பின்னணியில் ஓடும் புரோகிராமே, ஏற்றப்படவில்லை என்று சர்வீஸ்களைக் கட்டுப்படுத்தும் சிஸ்டம்சிடிஎல் சொல்கிறது. நமக்கு வேண்டியது இந்த இரண்டு வரிகள்தான்.

என்ன நடந்தது? பேக்கேஜ் நிறுவப்படும்போது அதன் கோப்புகளோடு சில சின்ன ஸ்கிரிப்ட்களும் வந்து /வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோ என்ற ஃபோல்டரில் உட்காருகின்றன. நீக்கும்போது முதலில் பிரீஆர்எம் ஓடும். அப்புறம் கோப்புகள் அழியும். பிறகு போஸ்ட்ஆர்எம் ஓடும். இந்த ஸ்கிரிப்ட்களின் தொடக்கத்தில் பெரும்பாலும் செட் மைனஸ் ஈ என்ற வரி இருக்கும். நடுவில் எந்தக் கட்டளை தோற்றாலும் அங்கேயே நின்றுவிடு என்று அதற்குப் பொருள்.

நம் எடுத்துக்காட்டு ஒரு பிரிண்டர் டிரைவர். அதன் சர்வீஸ் கோப்பை யாரோ கையால் அழித்துவிட்டார்கள். பிரீஆர்எம் அந்த சர்வீஸை நிறுத்தப் போகிறது, அது இல்லை, ஸ்கிரிப்ட் நிற்கிறது. உடனே டிபிகேஜி பழைய நிலைக்குத் திரும்பப் பார்த்து, வழக்கமாக நிறுவலின் முடிவில் ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்டை ஓட்டுகிறது. அதுவும் அதே சர்வீஸைத் தொடங்கப் போய்த் தோற்கிறது. இப்போது பேக்கேஜ் பாதி நிலையில் மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு முறை ஆப்ட் ஓடும்போதும் இந்தப் பாதியை முடிக்க முயன்று தோற்கும். மற்ற பேக்கேஜ்களிலும் பிழை வருவது இதனால்தான்.

[திரை: நானோ எடிட்டரில் பிரீஆர்எம் கோப்பு.]

சரி, தீர்வு. அந்த இன்ஃபோ ஃபோல்டரில், பேக்கேஜின் பெயரோடு பிரீஆர்எம் என்று முடியும் கோப்பை, உங்கள் ஹோம் ஃபோல்டரில் ஒரு நகல் எடுத்துவிட்டுத் திறங்கள். தோற்கும் வரியைக் கண்டுபிடித்து, அதன் முடிவில் இரண்டு செங்குத்துக் கோடுகளும் ட்ரூ என்ற சொல்லும் சேருங்கள். தோற்றாலும் நிற்காமல் அடுத்த வரிக்குப் போ என்பது இதன் அர்த்தம். பல இடங்களில் ஸ்கிரிப்டின் தலையிலேயே எக்சிட் 0 போடச் சொல்வார்கள். அதுவும் வேலை செய்யும். ஆனால் மீதமுள்ள துப்புரவு வேலை எதுவும் நடக்காது. வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதைச் செய்யுங்கள்.

சேமித்துவிட்டு, பேக்கேஜை அதன் அமைப்புக் கோப்புகளோடு நீக்கும் ஆப்ட் பர்ஜ் கட்டளையைக் கொடுங்கள். இந்த முறை போஸ்ட்ஆர்எம் தோற்றால் பயப்பட வேண்டாம், அதையும் இதே மாதிரி திருத்துங்கள்.

எந்த வரி தோற்கிறது என்றே தெரியவில்லையா? ஸ்கிரிப்டில் செட் மைனஸ் எக்ஸ் என்று ஒரு வரி சேர்த்தால், ஓடும் ஒவ்வொரு கட்டளையும் திரையில் தெரியும். பிழை எண் 127 என்றால், ஸ்கிரிப்ட் தேடிய கட்டளையே கிடைக்கவில்லை என்று அநேகமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு சூழ்நிலையில் மட்டும் ஸ்கிரிப்டில் கை வைக்கக் கூடாது. பிழையில் பைத்தான் என்ற சொல் வந்து, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பேக்கேஜ்கள் தோற்றால், அநேகமாக, சிஸ்டம் எந்தப் பைத்தான் பதிப்பை ஓட்ட வேண்டும் என்று காட்டும் பைத்தான்3 என்ற இணைப்பை யாரோ வேறு பதிப்புக்குத் திருப்பியிருப்பார்கள். உபுண்டு 22.04 பைத்தான் 3.10-ஐ நம்பி இருக்கிறது, 24.04 பைத்தான் 3.12-ஐ. இணைப்பைப் பழையபடி மாற்றுங்கள்.

[திரை: மீண்டும் நிறுவ வேண்டும், ஆனால் கோப்பு கிடைக்கவில்லை என்ற பிழை.]

இது வேறு வகை. நிறுவல் பாதியில் அறுந்துபோனால் வரும். அந்தப் பேக்கேஜின் நிறுவல் கோப்பு, அதாவது டெப் கோப்பு, கையில் இருந்தால் மறுபடி நிறுவிவிட்டு நீக்குங்கள். இல்லையென்றால் திரையில் காட்டும் கட்டளை: சூடோ டிபிகேஜி --ரிமூவ் --ஃபோர்ஸ்-ரிமூவ்-ரீஇன்ஸ்ட்ரெக், அப்புறம் பேக்கேஜ் பெயர். ஃபோர்ஸ்-ஆல் போட வேண்டாம், தயவுசெய்து. மற்ற பேக்கேஜ்களின் சார்புகளைக் காக்கும் சோதனைகளையும் அது தள்ளிவிடும்.

எந்தெந்தப் பேக்கேஜ் நிறுவப்பட்டுள்ளது என்று டிபிகேஜி பதிவு வைக்கும் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்து அந்தப் பேக்கேஜின் பத்தியை அழிக்கும் யோசனையும் வேண்டாம். பெயர் மறையும், கோப்புகள் டிஸ்கில் அநாதையாகக் கிடக்கும். ஏற்கெனவே செய்துவிட்டவர்கள் /வார்/பேக்கப்ஸ் ஃபோல்டரைப் பாருங்கள், முந்தைய நகல் இருக்கும்.

கடைசியாக, பாதி நிலையில் நிற்கும் பேக்கேஜ்களைத் தேடும் டிபிகேஜி --ஆடிட் கட்டளை. எந்தப் பதிலும் வரவில்லையென்றால் பாதி நிலையில் எதுவும் இல்லை. டெபியனின் சொந்தப் பேக்கேஜில் இந்தக் கோளாறு வந்திருந்தால், ரிப்போர்ட்பக் கட்டளையைத் திறந்து, தோற்ற அந்த வரியை அப்படியே ஒட்டிப் பராமரிப்பாளருக்கு அனுப்பிவிடுங்கள்.