400 ரூபாய் விக்கும் இரண்டு ஔவையாரும்

வணக்கம் மக்களே. கையில் காபி டம்ளர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்றால் கோபம் என்று உங்களுக்கே தெரியும். அக்கா மகளுக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி. வேடம் ஔவையார். நரைமுடிக் கொண்டை விக், ஒரு நாள் வாடகை 450 ரூபாய்! கைத்தடி தனியாக 80. ஐந்து வயதுக் குழந்தையின் தலைக்கு 450 ரூபாயா என்று கேட்டால், "திருவள்ளுவர் தாடி 600 சார்" என்கிறார் கடைக்காரர். பேரம் பேசத் தெரியாதவன் என்று என்னைக் கிண்டல் செய்வீர்களே, கேளுங்கள்: 400க்கு முடித்தேன். கைத்தடி வாங்கவே இல்லை. வீட்டு ஒட்டடைக்கம்பைப் பாதியாக அறுத்துவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

சரி, வாடகையை விடுங்கள். பள்ளியில் எழுதிக் கொடுத்த வசனம் இது: "நான்தான் ஔவையார். அதியமான் எனக்கு நெல்லிக்கனி கொடுத்தார். நான் ஆத்திசூடி பாடினேன்." மூன்றே வரி, அதற்குள் இரண்டு ஔவையார்!

நெல்லிக்கனி வாங்கியவர் சங்க காலத்து ஔவை. தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கு நெருங்கிய தோழி. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி பாடியவர் வேறு. சோழர் காலம், 12ஆம் நூற்றாண்டு வாக்கில் என்பார்கள். நடுவில் ஆயிரம் வருஷம் ஓடியிருக்கிறது.

இதை அம்மாவிடம் சொன்னால், "அதுக்குத்தானேடா நெல்லிக்கனி சாப்பிட்டாங்க" என்கிறார். என்ன பதில் சொல்வது! புறநானூறு 91ஆம் பாட்டிலும் "சாதல் நீங்க எமக்கு ஈந்தனையே" என்றுதான் இருக்கிறது. ஆனால் நான் விடுவேனா? நல்வழியின் 40ஆம் வெண்பாவை எடுத்துக் காட்டினேன். திருக்குறளோடு தேவார மூவர் தமிழ், திருவாசகம், திருமூலர் சொல் எல்லாம் அதில் வரிசையாக வருகின்றன. சம்பந்தரும் அப்பரும் பாடியதே 7ஆம் நூற்றாண்டில். தமிழும் வேறு தமிழ். ஆத்திசூடி குழந்தைக்கும் புரியும். உரை இல்லாமல் புறநானூறு எனக்கே ஓடாது.

அட, ஒன்றை விட்டுவிட்டேன். ஔவை என்றாலே தாய், மூதாட்டி என்று மரியாதையாகச் சொல்வது. அதனால்தான் ஒருவரோடு நிற்கவில்லை. விநாயகர் அகவலுக்கு இன்னொரு ஔவை என்று சொல்பவர்களும் உண்டு.

எனக்குப் பிடித்தவர் சங்க ஔவைதான், அதில் சந்தேகமே இல்லை. மொத்தம் 59 பாட்டு, அதில் 33 புறநானூற்றில். அதியமானுக்காகத் தொண்டைமான் என்ற அரசனிடம் தூது போய், அவனுடைய ஆயுதங்களைப் பார்த்து, "இவை மயிற்பீலி சூட்டி நெய் பூசிக் காவலில் பளபளவென்று இருக்கின்றன, எங்கள் ஆள் வேலெல்லாம் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது" என்கிறார். புகழ்கிற மாதிரியே குத்துகிறார் பாருங்கள்! அதியமான் இறந்தபோதோ, கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து குடிப்பான் என்று அழுகிறார். இதை மேடையில் சொல்லச் சொல்லியிருந்தால் பிள்ளையைப் பள்ளியை விட்டே அனுப்பியிருப்பார்கள்.

இப்போது விக்குக்கு வருகிறேன். புறநானூறு 89இல் ஒரு வேற்றரசன் அவரை எப்படிக் கூப்பிடுகிறான் தெரியுமா? "உண்கண் வாள்நுதல் விறலி". மை தீட்டிய கண், ஒளி வீசும் நெற்றி கொண்ட விறலி, அதாவது ஆடிப் பாடும் பெண். இதில் நரைமுடிக் கொண்டை எங்கே இருக்கிறது? என் 400 ரூபாய் தப்பான ஔவைக்குப் போய்விட்டது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், மேடையில் விக் அரித்திருக்கிறது போல. "அதியமான் எனக்கு" என்று சொன்னவள் அதைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு "நெல்லிக்கனி கொடுத்தார்" என்றாள். கைதட்டிய ஒரே ஆள் நான்தான். ஆத்திசூடி வரி வந்ததும் ஓடிப்போய் எடுத்து மாட்டிவிடலாமா என்று பார்த்தேன், அக்கா முறைத்தாள்.

பரிசு இல்லை. விக்கில் தூசி என்று கடையில் 50 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். ஆக, மறுபடியும் 450.