கார்ப்பெட் ஏரியாவா, பில்டப் ஏரியாவா?

நேயர்களுக்கு வணக்கம். ஃபிளாட் வாங்கியவர்களுக்கு இந்தக் குழப்பம் தெரிந்திருக்கும். வெளிச்சுவரையும் சேர்த்து அளந்தால் பில்டப் ஏரியா; வெளிச்சுவரை விட்டுவிட்டு அளந்தால் கார்ப்பெட் ஏரியா. வீடு ஒன்றுதான், கணக்கு இரண்டு. வலைப்பக்கம் வடிவமைக்கும் எங்களையும் இதே தகராறு பல வருஷம் ஆட்டிவைத்தது.

வலைப்பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு துண்டும் பிரவுசருக்கு ஒரு பெட்டி. எழுத்தைச் சுற்றிக் கொஞ்சம் காலி இடம், அது பேடிங். அதைச் சுற்றி ஒரு கோடு, அது பார்டர். அகலம் 300 பிக்சல், இரண்டு பக்கமும் பேடிங் 20, பார்டர் 5 என்று எழுதுகிறோம். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி சிஎஸ்எஸ். 1996 டிசம்பரில் வந்த அதன் முதல் விதிப்படி 300 என்பது எழுத்துக்கு மட்டும். பெட்டி மொத்தம் 350. விண்டோஸில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 என்ற பிரவுசர் எல்லாவற்றையும் சேர்த்தே 300 என்று எடுத்துக்கொண்டது. எழுத்துக்கு மிஞ்சியது 250.

எக்ஸ்புளோரரில் மட்டும் பார்த்துப் பார்த்து ஒரு பக்கம் செய்துகொடுத்தேன். வாடிக்கையாளர் வேறு பிரவுசரில் திறந்துவிட்டு, "வலது பத்தியைக் காணோமே சார்" என்று போன் செய்தார். பத்தி எங்கும் போகவில்லை. பக்கத்தில் இடம் போதாமல் அடியில் இறங்கி உட்கார்ந்திருந்தது.

2001இல் வந்த எக்ஸ்புளோரர் 6 இரண்டு கணக்கும் போடும். கோப்பின் தலையில் சரியான டாக்டைப் வரி, அதாவது கோப்பு எந்த வகை என்று சொல்லும் வரி, இருந்தால் விதிப்படி, இல்லாவிட்டால் பழையபடி. அந்த வரிக்கு மேலே 'இது எக்ஸ்எம்எல் மொழியில் எழுதியது' என்று சொல்லும் அறிவிப்பு இருந்தாலும் பழைய கணக்குக்கே திரும்பிவிடும். இது தெரியாமல் எனக்கு ஒரு மதியம் முழுக்கப் போனது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். விதிப்படி எக்ஸ்புளோரர் செய்தது தப்புதான். இருந்தாலும் மனுஷன் அளக்கிற முறை அதுதான். பீரோ வாங்கும்போது வெளி அகலத்தைத்தானே பார்க்கிறோம்? அப்புறம் சிஎஸ்எஸ்ஸிலேயே 'பாக்ஸ்-சைஸிங்: பார்டர்-பாக்ஸ்' என்று ஒரு வரி எழுதினால் பார்டர் வரை சேர்த்தே அளக்கும்படி அதற்கு இடம் கொடுத்தார்கள். இன்று பலரும் ஸ்டைல் கோப்பை அந்த வரியோடுதான் தொடங்குகிறார்கள்.

அதிலும் ஒரு வில்லங்கம். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் 2014இல் 29ஆம் பதிப்பு வரும்வரை, முன்னால் 'மோஸ்' என்ற தன் சொந்த ஒட்டு இல்லாமல் அந்த வரியை ஏற்கவில்லை. ஆகவே ஒட்டோடு ஒன்று, ஒட்டில்லாமல் ஒன்று என இரண்டு முறை எழுதினோம். என் பழைய கோப்புகளில் அந்த இரட்டை வரி இன்னும் அப்படியே இருக்கிறது. அழிக்கக் கை வரவில்லை.

வணக்கம்.